பனியன் கம்பெனி லைனில் யாரை எங்கே உட்கார வைப்பது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் லைன் (ஒரு உடையின் பாகங்களை ஒருவர் பின் ஒருவராகத் தைக்கிற மெஷின் வரிசை) பார்க்கிற சூப்பர்வைசர்களும், மற்ற கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கிற ஜாப் ஒர்க் யூனிட் சொந்தமாக நடத்துகிறவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகள் இவை. ஆள் கிடைக்கவில்லை என்ற புலம்பல் இல்லாத யூனிட்டே இல்லை. ஆனால் ஏற்கெனவே உள்ளே இருக்கிற ஆளுக்கு என்ன நன்றாக வரும் என்று பார்க்காமலேயே, கேட்டில் 'டெய்லர் தேவை' போர்டு மாட்டிவிடுகிறோம். பல வருஷம் தையல் பிரிவிலேயே இருந்தவன் என்ற முறையில் எனக்குப் பட்டதை இங்கே எழுதுகிறேன்.

திறமை என்றால் வேகம்தானே? மணிக்கு எத்தனை பீஸ் என்று பார்த்தால் போதாதா?

போதாது. வேகம் என்பது பல திறமைகளில் ஒன்று, அவ்வளவுதான். எளிதில் எண்ண முடிகிறது என்பதால் அது மட்டும் நம் கண்ணில் படுகிறது.

துணியைப் புரிந்துகொள்கிற கை என்று ஒன்று இருக்கிறது. சிங்கிள் ஜெர்சி வெட்டியவுடன் ஓரம் சுருண்டுகொள்ளும். லைக்ரா கலந்த துணி லேசாகப் பிடித்தாலே இழுபடும். சிலர் எந்தத் துணி வந்தாலும் முதல் ஏழெட்டு பீஸிலேயே பிடியை மாற்றிக்கொண்டுவிடுவார்கள். வேறு சிலர் பழகிய துணியில் பறப்பார்கள், துணி மாறினால் அரை நாள் தடுமாறுவார்கள். இரண்டு பேருமே நல்ல டெய்லர்கள்தான். ஆனால் வாரம் இரண்டு ஸ்டைல் மாறுகிற லைனில் முதல் ஆள் தங்கம். மாதக்கணக்கில் ஒரே வெள்ளை பனியன் ஓடுகிற லைனில் இரண்டாவது ஆளை அடிக்க முடியாது.

அப்புறம் கண். தைக்கும்போதே எண்ணெய்க் கறை, ஊசி ஓட்டை, நூல் விட்ட இடம் எல்லாம் பட்டென்று தெரிகிற கண் எல்லாருக்கும் இருப்பதில்லை. அதேபோல, பக்கத்து மெஷின்காரருக்குச் சலிக்காமல் சொல்லிக்கொடுக்கிறவர், ஷிப்மென்ட் நாளில் எல்லாரும் கத்தும்போது பதறாமல் தைக்கிறவர், மெஷின் சத்தம் மாறியதுமே மெக்கானிக்கைக் கூப்பிடுகிறவர் என்று எத்தனையோ பேர். இவை எதுவும் மணிக்கணக்கு நோட்டில் ஏறாது. லைன் நடப்பது பாதி இவர்களால்தான்.

ஆளைச் சேர்க்கும்போதே 'என்ன மெஷின் ஓட்டுவீர்கள்' என்று கேட்டுவிடுகிறோமே?

வேலை தேடி வந்தவர் 'எல்லா மெஷினும் வரும்ணா' என்றுதான் சொல்வார். அதில் தப்பே இல்லை, அவருக்கு வேலை வேண்டும். கூச்சப்பட்டுக்கொண்டு 'ஓவர்லாக் (துணி ஓரம் சேர்த்து அடிக்கிற மெஷின்) கொஞ்சம் தெரியும்' என்று சொல்கிற பெண் பெரிய கைக்காரியாகவும் இருப்பார். பேச்சை வைத்து எடை போடாமல், மெஷினில் உட்கார வைத்துப் பாருங்கள்.

எதைப் பார்ப்பது? ரவுண்ட் நெக் டி-ஷர்ட்டில் கழுத்து ரிப் (கழுத்தைச் சுற்றி வருகிற, இழுபடும் பட்டைத் துணி) ஏற்றும் வேலையை எடுத்துக்கொள்வோம். ரிப் வளையம் கழுத்துத் துளையைவிடச் சின்னதாக இருக்கும். அதனால் தைக்கும்போதே ரிப்பை இழுத்துக் கொடுக்க வேண்டும், உடல் துணியை இழுக்கவே கூடாது. பழகின கை, வளையத்தை நான்காகப் பிரித்து ஷோல்டர் ஜாயின்ட், முன் நடு, பின் நடு என்று மனதுக்குள்ளேயே குறி வைத்துக்கொள்ளும். ஒவ்வொரு கால் பங்கிலும் ஒரே அளவு இழுப்புதான் இருக்கும். பழகாத கை ஆரம்பத்தில் இழுக்காமல் விட்டுவிட்டு, கடைசியில் துணி மிஞ்சுகிறது என்றதும் மொத்தமாக இழுக்கும். பீஸை மேசையில் விரித்தால் ஒரு பக்கம் சுருக்கம், மறுபக்கம் அலை அலையாக நிற்கும். இதைத் தெரிந்துகொள்ள முழு நாள் வேண்டாம், கொஞ்ச நேரம் பின்னால் நின்றாலே போதும். ஊசியைப் பார்க்காதீர்கள், கைகளைப் பாருங்கள்.

தைத்து முடித்த பீஸை எப்படிப் போடுகிறார் என்பதையும் கவனியுங்கள். அடுத்த டெய்லர் அப்படியே எடுத்துத் தைக்கிற மாதிரி வாய் ஒரே பக்கம் இருக்க அடுக்குகிறாரா, கூடையில் வீசுகிறாரா? அடுக்குகிறவருக்கு லைன் முழுவதும் மனதில் ஓடுகிறது என்று அர்த்தம். நாளைக்கு யாரைப் பொறுப்பில் வைக்கலாம் என்பதற்கு எனக்குத் தெரிந்த நல்ல அடையாளங்களில் இது ஒன்று.

பார்த்த பிறகு கேளுங்கள். 'எந்த வேலை கொடுத்தா நேரம் போறதே தெரியாது?' என்று டீ நேரத்தில் சாதாரணமாகக் கேட்டால் மனதில் இருப்பது வந்துவிடும். 'சைடு அடிச்சா கை வலிக்குதுங்ணா, மடிப்பு குடுத்தா எவ்வளவு வேணாலும் அடிப்பேன்' என்று ஒருவர் சொன்னால், அதைக் குறித்து வையுங்கள்.

இவ்வளவையும் தலையில் வைத்துக்கொள்ள முடியுமா? எழுதி வைக்க ஏதாவது முறை இருக்கிறதா?

இருக்கிறது. உலகம் முழுக்கத் தொழிற்சாலைகளில் புழங்குகிற திறன் அட்டவணைதான் அது. ஒரு சார்ட் பேப்பர் போதும். இடது பக்கம் மேலிருந்து கீழாக ஆட்களின் பெயர். மேலே குறுக்காக ஆபரேஷன்கள்: ஷோல்டர், கழுத்து ரிப், டேப், கை மடிப்பு, கை ஏற்றுவது, சைடு, கீழ் மடிப்பு, லேபிள், செக்கிங். ஒவ்வொரு கட்டத்திலும் 1 முதல் 4 வரை ஒரு எண். கற்றுக்கொண்டிருக்கிறார் என்றால் 1. ஒருவர் கூட இருந்தால் செய்வார், 2. தனியாக, சரியான வேகத்தில், டேமேஜ் இல்லாமல் செய்வார், 3. மற்றவருக்குச் சொல்லிக்கொடுப்பார், 4.

எண் போடும்போது அந்த ஆளும் பக்கத்தில் இருக்க வேண்டும். நீங்கள் 2 போட்டு அவர் 3 என்று சொன்னால், வாதாடாமல் பத்து பீஸ் தைக்கச் சொல்லிப் பாருங்கள். அவர் சொன்னது சரியாக இருந்தால் அங்கேயே திருத்துங்கள். மாதம் ஒரு முறையாவது சார்ட்டைப் புதுப்பிக்கவில்லை என்றால் அது வெறும் சுவர்க் காகிதம். பையர் (ஆர்டர் கொடுக்கிறவர்) ஆடிட்டுக்காக எழுதி ஒட்டிவிட்டு அப்படியே மஞ்சளாகிப்போன சார்ட்டுகள் எத்தனையோ பார்த்திருக்கிறேன்.

சார்ட் எழுதியதும் அதை மேலிருந்து கீழாகவும் படியுங்கள். ஏதாவது ஒரு ஆபரேஷனில் 3 அல்லது 4 வாங்கியவர் ஒரே ஒரு ஆள்தான் என்றால், அவர் லீவு போடுகிற அன்றைக்கு லைன் நிற்கப்போகிறது. அந்த இடத்தில் யாரைப் பழக்குவது என்பதை இன்றைக்கே முடிவு செய்யலாம்.

வேகமான டெய்லரை எங்கே உட்கார வைத்தால் அதிகப் பலன்?

லைன் எங்கே திணறுகிறதோ அங்கே. இது எல்லாருக்கும் தெரிந்த மாதிரிதான் இருக்கும், ஆனால் பெரும்பாலான லைன்களில் வேகமான ஆள் முதல் மெஷினில் உட்கார்ந்திருப்பார். 'முன்னாடி வேகமா போனா பின்னாடியும் வேகமா வரும்' என்று ஒரு நம்பிக்கை.

உதாரணத்துக்கு ஒரு கணக்கு. ஷோல்டர் ஒரு பீஸுக்கு 15 வினாடி, கழுத்து 30, கீழ் மடிப்பு 24, கையோடு சேர்த்து சைடு அடிக்க 40 என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றிலும் ஒரு ஆள். மணிக்கு ஷோல்டர் 240 பீஸ் தரும், கழுத்து 120, மடிப்பு 150, சைடு 90. லைனில் இருந்து வெளியே வருவது 90-தான். ஷோல்டர்காரர் இன்னும் வேகமாகி 12 வினாடிக்கு வந்தால் மணிக்கு 300 அடிப்பார். வெளியே வருவது அப்போதும் 90. நடுவில் பீஸ் மலையாகக் குவியும், பண்டில் (பீஸ் கட்டு) நம்பர் கலக்கும், ஒரு சாய லாட்டின் முன் பக்கமும் இன்னொரு லாட்டின் கையும் சேர்ந்து ஷேடு வித்தியாசம் வரும்.

அதே ஆளைச் சைடுக்கும், சைடில் இருந்தவரை ஷோல்டருக்கும் மாற்றி, சைடில் 40 வினாடி 32 ஆகிறது என்று வையுங்கள். மணிக்கு 112 பீஸ் வரும். எட்டு மணி நேர ஷிப்டில் 176 பீஸ் கூடுதல். ஆள் கூடவில்லை, மெஷின் கூடவில்லை. இடத்தை மாற்றினோம், அவ்வளவுதான்.

ஒன்றே ஒன்று: அவருக்குச் சைடு வரும் என்றால்தான் இது நடக்கும். ஷோல்டரில் வேகமாக இருப்பவர் சைடிலும் வேகமாக இருப்பார் என்று கட்டாயமில்லை. நீளமான தையலில் இரண்டு துணியையும் ஒரே சீராக ஓட்ட வேறு பழக்கம் வேண்டும். அதனால்தான் சார்ட் முதலில், கணக்கு அப்புறம்.

ஒருவர் மெதுவாகத் தைக்கிறார், ஆனால் ஒரு பீஸ்கூட டேமேஜ் வராது. அவரை வைத்துக்கொள்வதா, அனுப்புவதா?

அனுப்பவே அனுப்பாதீர்கள். போலோ டி-ஷர்ட்டில் பட்டன் பட்டி வைப்பதற்கு யாரைத் தேடுகிறீர்கள்? அளவு பிசகாமல், இரண்டு ஓரமும் நேராக, கீழ்மூலை பிரியாமல் சிங்கர் மெஷினில் அடிக்கிற வேலை அது. தப்பாக வெட்டிவிட்டால் முன் பாகமே போச்சு. அங்கே இந்த ஆள் உட்கார்ந்தால் நிம்மதி. சாம்பிள் தைப்பதற்கும் இப்படிப்பட்டவர்தான் வேண்டும். பையர் பார்த்து ஓகே சொல்கிற அந்த ஒரு பீஸை நம்பித்தானே முழு ஆர்டரும் இருக்கிறது.

இவர்களை வேகமான ஆபரேஷனில் போட்டு, தினமும் 'பக்கத்து ஆள் எவ்வளவு அடிச்சிருக்கான் பார்' என்று சொல்லிக்கொண்டே இருந்தால் இரண்டும் கெடும். வேகம் வராது, அவரிடம் இருந்த சுத்தமும் போய்விடும்.

எங்கள் லைனில் இருப்பதிலேயே நல்ல டெய்லரை சூப்பர்வைசர் ஆக்கலாமா?

ஆக்கலாம், அவருக்கு ஆட்களைப் பார்த்துக்கொள்கிற குணமும் இருந்தால். நன்றாகத் தைக்கிறார் என்ற ஒரே காரணத்துக்காக ஆக்கினால் நல்ல டெய்லரை இழந்து, சுமாரான சூப்பர்வைசரைப் பெறுவீர்கள். பதவி உயர்வு இப்படித் தவறிப் போவதைப் பற்றி கல்வியாளர் லாரன்ஸ் பீட்டர் 1969-லேயே எழுதிவிட்டார். அமெரிக்காவில் 131 நிறுவனங்களின் விற்பனைப் பிரிவு ஊழியர்களை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2019-ல் வந்தது. அதிகம் விற்றவர்களுக்குத்தான் மேலாளர் பதவி எளிதில் கிடைத்தது, ஆனால் அவர்களுக்குக் கீழே வேலை பார்த்தவர்களின் விற்பனை அந்த அளவுக்கு உயரவில்லை, இறங்கியது என்பதுதான் அதில் தெரிந்தது.

சூப்பர்வைசருக்கு வேண்டிய திறமை வேறு. சொல்லிக்கொடுப்பது அதில் முதலாவது. இரண்டாம் உலகப் போர் நேரத்தில் அமெரிக்கத் தொழிற்சாலைகளில் புது ஆட்களை அவசரமாகப் பழக்க வேண்டியிருந்தபோது ஒரு பயிற்சி முறையை உருவாக்கினார்கள். போருக்குப் பிறகு ஜப்பான் அதை இறுகப் பிடித்துக்கொண்டது. நான்கே படிதான். முதலில் ஆளைப் பதற்றமில்லாமல் உட்கார வைத்து, என்ன தெரியும் என்று கேள். அடுத்து, செய்து காட்டிக்கொண்டே முக்கியமான இடங்களைச் சொல். மூன்றாவது, அவரைச் செய்யவிட்டு, ஏன் அப்படிச் செய்கிறார் என்று வாயால் சொல்லச் சொல். கடைசியாக, தனியே விட்டுவிட்டு அடிக்கடி வந்து பார். கற்றுக்கொள்பவருக்கு வரவில்லை என்றால் சொல்லிக்கொடுத்தவர் சொல்லிக்கொடுக்கவில்லை என்பது அந்த முறையின் அடிப்படை. நம் ஊரில் இதற்கு நேர் எதிராகத்தான் நடக்கிறது. இரண்டு பீஸ் வேகமாக அடித்துக் காட்டிவிட்டு, 'பாத்தியல்ல, இதேமாதிரி அடி' என்று போய்விடுவோம்.

ஆக, சூப்பர்வைசர் வேண்டும் என்றால் சார்ட்டில் 4 எண் அதிகம் வாங்கியவரைப் பாருங்கள். சூப்பர்வைசர் ஆக விரும்பாத நல்ல டெய்லருக்கு டெய்லராகவே ரேட்டைக் கூட்டிக் கொடுங்கள். மேலே போக ஒரே ஒரு ஏணி மட்டும் இருந்தால், விருப்பமில்லாதவரும் அதில்தான் ஏறுவார்.

பெண்கள் பல வருஷமாகக் கைமடியிலும் (டெய்லருக்குப் பீஸ் எடுத்துக் கொடுக்கிற உதவி வேலை) பிசிறு வெட்டுவதிலுமே இருக்கிறார்கள். அவர்களை மெஷினில் ஏற்றுவது நடக்கிற காரியமா?

நடக்கிற காரியம்தான், நடக்க வேண்டிய காரியமும்கூட. இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்கிறேன், ஏனென்றால் நம் ஊரில் வீணாகிற திறமையில் பெரும்பகுதி இங்கேதான் இருக்கிறது.

பவர் டேபிள் எனப்படும் தையல் மெஷின் வரிசைக்குப் பக்கத்தில் கைமடியாக நிற்கிற அக்கா, நாள் முழுக்க டெய்லரின் கையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். எந்த பீஸ் எப்படிப் போக வேண்டும், எங்கே கோளாறு வரும் என்பது அவருக்கு அத்துப்படி. மதியம் சாப்பாட்டு நேரத்தில் மெஷின் சும்மா கிடக்கும்போது வேஸ்ட் துணியில் ஓட்டிப் பார்க்கிறவர்களும் உண்டு. அப்படி ஓட்டுவதைப் பார்த்து 'மெஷினைத் தொடாதே' என்று திட்டுகிற சூப்பர்வைசர், தனக்குக் கிடைக்கவிருந்த டெய்லரை விரட்டுகிறார். மாறாக, மெக்கானிக்கைப் பக்கத்தில் வைத்து, தினமும் சிறிது நேரம் பழக அனுமதித்தால் லேபிள் வைப்பது, ஷோல்டர் அடிப்பது மாதிரியான வேலைகளுக்குச் சீக்கிரமே தயாராகிவிடுவார்கள்.

மெஷினில் ஏறிய பிறகு டெய்லர் ரேட்தான் கொடுக்க வேண்டும். 'பழகுறாங்க' என்று சொல்லி வருஷக்கணக்கில் கைமடிக் கூலியே கொடுப்பது சரியில்லை. ஒரே வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே ஊதியம் என்று 1976-லேயே சட்டம் வந்துவிட்டது.

பெண் சூப்பர்வைசர் பற்றியும் கேட்கிறார்கள், 'ஆம்பளைங்க கேப்பாங்களா' என்று. வங்கதேச ஆடைத் தொழிற்சாலைகளில் இதையே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். ஆரம்பத்தில் லைன் ஆட்கள் பெண் சூப்பர்வைசர்களைக் குறைவாகத்தான் மதிப்பிட்டார்கள். சில மாதங்கள் அவர்களோடு வேலை செய்த பிறகு அந்த வித்தியாசம் மறைந்துவிட்டது. அந்த முதல் சில மாதங்களில் முதலாளி அவர்கள் பக்கம் உறுதியாக நிற்க வேண்டும். லைனில் எல்லார் முன்னாலும் அவர் சொன்னதை மாற்றிப் பேசினால் கதை அன்றோடு முடிந்தது. இன்னொன்று, பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் உள் புகார்க் குழு இருக்க வேண்டும் என்பது 2013-ஆம் ஆண்டுச் சட்டம். பாதுகாப்பு இல்லாத இடத்தில் யாரும் தன் திறமையைக் காட்ட முன்வர மாட்டார்கள்.

ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் ஆட்களிடம் மொழியே புரிவதில்லை. அவர்கள் திறமையை எப்படிக் கண்டுபிடிப்பது?

கைக்கு மொழி இல்லை. முன்னே சொன்ன மாதிரி பின்னால் நின்று பாருங்கள், ஒரே மாதிரிதான் தெரியும். சார்ட்டில் எண் இருப்பதால் யாரும் படிக்கலாம். ஆபரேஷன் பெயருக்குப் பதில் அந்தந்த பீஸையே வெட்டி மேலே குத்தி வைத்தால் இன்னும் நல்லது.

பேச வேண்டிய இடத்தில், இரண்டு மொழியும் தெரிந்த ஒருவர் ஒவ்வொரு லைனிலும் இருப்பார். கம்பெனி வந்து ஒரு வருஷத்தில் தமிழ் பிடித்துக்கொண்ட ஒரு தம்பி, அல்லது ஹாஸ்டல் பிள்ளைகளோடு பேசிப் பேசி இந்தி பழகிய ஒரு அக்கா. அதுவும் ஒரு திறமைதான். அவரை நாள் முழுக்க இலவசமாக மொழிபெயர்க்கக் கூப்பிட்டுவிட்டு, சாயங்காலம் 'ஏன் பீஸ் குறைஞ்சிருக்கு' என்று கேட்பது நியாயமில்லை. அந்த நேரத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

பீஸ் ரேட் கம்பெனியில் யார் யாருக்கு உதவுவார்கள்? அவரவர் காசுதானே பெரிது?

நல்ல கேள்வி. தனித்தனி பீஸ் ரேட்டில் ஒருவர் பக்கத்து ஆளுக்குச் சொல்லிக்கொடுக்கிற ஒவ்வொரு நிமிஷமும் அவருக்கு நஷ்டம். அதனால் 'டீம் ஸ்பிரிட் இல்லை' என்று அவரைக் குறை சொல்லாதீர்கள், சம்பள முறையைப் பாருங்கள்.

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலம் நாபாவில் கோரெட் என்ற ஆடைத் தொழிற்சாலை இருந்தது. 1990-களின் நடுவில் அங்கே தனி பீஸ் ரேட்டில் இருந்து டீம் ரேட்டுக்கு மாறினார்கள். அந்தத் தரவுகளை வைத்து மூன்று பொருளாதார ஆய்வாளர்கள் 2003-ல் வெளியிட்ட ஆய்வின்படி உற்பத்தி சராசரியாக 14 சதவீதம் கூடியது. எனக்கு அதைவிட முக்கியமாகப் பட்டது வேறு. எல்லாரும் ஒரே அளவு திறமை உள்ள டீம்களைவிட, திறமை கூடக்குறைய இருந்தவர்கள் கலந்திருந்த டீம்கள் நன்றாகச் செய்தன. அதிகம் தைக்கிறவர்கள்தான் டீமில் முதலில் சேர்ந்தார்கள் என்பதும் அதில் இருக்கிறது. நல்ல டெய்லர் டீமுக்கு வர மாட்டார் என்ற நம் பயம் அங்கே பொய்த்தது.

உடனே முழு யூனிட்டையும் மாற்றச் சொல்லவில்லை. ஒரு லைனில் மட்டும், அவர்கள் சம்மதத்தோடு, இருக்கிற ரேட் குறையாது என்று உறுதி கொடுத்துவிட்டு, அதற்கு மேல் வருகிற பீஸுக்கு டீம் போனஸ் வைத்துப் பாருங்கள். கைமடிக்கும் செக்கிங்குக்கும் அதில் பங்கு இருக்க வேண்டும். சனிக்கிழமை சம்பளத்தோடு, கணக்கை எல்லாரும் பார்க்கிற மாதிரி எழுதி வைத்துக் கொடுத்தால் சந்தேகம் வராது.

ஆபீஸ்களில் செய்கிற மாதிரி ஆளுமைத் தேர்வு வைக்கலாமா?

மர்ச்சன்டைசர், அக்கவுண்ட்ஸ் பக்கம் வேண்டுமானால் பேச்சைத் தொடங்க அது உதவும். தையல் லைனுக்கு வேண்டாம், நேரில் பார்ப்பதே போதும். ஆனால் அந்தத் துறையில் இருந்து ஒரு விஷயத்தை நாம் எடுத்துக்கொள்ளலாம். இங்கிலாந்தில் மேலாண்மை ஆய்வாளர் மெரிடித் பெல்பின் பல டீம்களை ஆராய்ந்தபோது, புத்திசாலிகளாகவே பொறுக்கி எடுத்துச் சேர்த்த டீம்கள் எதிர்பார்த்த அளவுக்குச் சோபிக்கவில்லை. எல்லாரும் யோசனை சொன்னார்கள், ஒருவர் தப்பை இன்னொருவர் தோண்டினார்கள், வேலையை முடிக்கத்தான் ஆள் இல்லை. பனியன் கம்பெனியிலும் அப்படித்தான். பத்து நட்சத்திர டெய்லர்களை ஒரே லைனில் போட்டால் முதல் பிரச்சினையே யார் லேபிள் வைப்பது என்பதில் வரும்.

பாராட்டினால் தலைக்கனம் வந்து ரேட் கூட்டிக் கேட்பார்களே?

கேட்கட்டும். கொடுக்க முடிந்தால் கொடுங்கள், முடியவில்லை என்றால் காரணத்தைச் சொல்லுங்கள். பாராட்டாமல் வைத்திருந்தால் பக்கத்து கம்பெனி பாராட்டும், கூடவே ரேட்டும் கொடுக்கும்.

'சூப்பர், கலக்கிட்ட' என்பது காதில் ஏறாது. 'நேத்து அந்த கிரே மெலாஞ்சில் கழுத்து எல்லாமே சமமா உக்காந்திருந்துச்சு, செக்கிங்கில் ஒண்ணுகூட திரும்பலை' என்று சொன்னால், அவர் வேலையை நீங்கள் பார்த்தீர்கள் என்று அவருக்குத் தெரியும். எல்லார் முன்னாலும் சொல்லலாம், ஆனால் இன்னொருவரோடு ஒப்பிட்டுச் சொல்லாதீர்கள்.

பலத்தை மட்டும் பார்த்தால் குறைகள் அப்படியே நின்றுவிடாதா?

குறைகளில் இரண்டு வகை இருக்கிறது. ஒருவருக்குப் பேட்லாக் (மடிப்பு அடிக்கிற மெஷின்) வரவில்லை, ஓவர்லாக்கில் அருமையாகச் செய்கிறார் என்றால் அது இடம் மாற்றித் தீர்க்கிற குறை. அதையே பிடித்துக்கொண்டு வருஷம் முழுக்கப் போராட வேண்டாம். ஆனால் நேரத்துக்கு வராதது, டேமேஜை பண்டிலுக்குள் செருகி மறைப்பது, பக்கத்தில் இருப்பவரைக் கேவலமாகப் பேசுவது எல்லாம் எந்த இடத்தில் உட்கார வைத்தாலும் கூடவே வரும். அவற்றைத் தனியே கூப்பிட்டு நேரடியாகப் பேச வேண்டும். எவ்வளவு பெரிய கைக்காரராக இருந்தாலும் இதில் விட்டுக்கொடுத்தால், மற்றவர்கள் ஒவ்வொருவராக நின்றுவிடுவார்கள்.

டேமேஜை ஏன் மறைக்கிறார்கள்? அதற்கும் டீமுக்கும் என்ன சம்பந்தம்?

மறைத்தால் திட்டு இல்லை, சொன்னால் திட்டு. வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

ஊசி முனை மழுங்கித் துணியில் ஓட்டை விழ ஆரம்பிக்கிறது என்று வையுங்கள். மூன்றாவது பீஸிலேயே டெய்லருக்குத் தெரிந்துவிடும். அவர் உடனே கையைத் தூக்கினால் மூன்று பீஸோடு போச்சு. திட்டுக்குப் பயந்து தைத்துக்கொண்டே இருந்தால் அது செக்கிங்கில் தெரிவதற்குள் பல பண்டில் போயிருக்கும். அதுவும் அயர்ன் செய்து பேக் ஆன பிறகு பையர் இன்ஸ்பெக்ஷனில் தெரிந்தால் பெட்டியெல்லாம் பிரிக்க வேண்டும்.

ஹார்வர்டு பேராசிரியர் எமி எட்மண்ட்சன் மருத்துவமனை நர்ஸ் குழுக்களை ஆராய்ந்தபோது, நல்ல குழுக்களில்தான் தவறுகள் அதிகம் பதிவாகியிருந்தன. அவர்கள் அதிகம் தவறு செய்யவில்லை, செய்ததைப் பயமில்லாமல் சொன்னார்கள் என்ற முடிவுக்கு அவர் வந்தார். நம் லைனிலும், ஒருவர் முதல் டேமேஜிலேயே கையைத் தூக்கினால் 'நல்லவேளை சொன்னீங்க' என்பதுதான் சூப்பர்வைசர் வாயில் இருந்து வருகிற முதல் வார்த்தையாக இருக்க வேண்டும். பிறகு ஊசியை மாற்றுங்கள். டேமேஜ் கணக்கை ஆபரேஷன்வாரியாக எழுதுங்கள், ஆனால் அதை வைத்துச் சம்பளத்தில் பிடிக்காதீர்கள். பிடிக்க ஆரம்பித்த நாளோடு அந்த நோட்டு பொய் சொல்ல ஆரம்பிக்கும், யாருக்கு என்ன வரும் என்று தெரிந்துகொள்ளும் வழியும் அடைபடும்.

அவரவருக்கு நன்றாக வருகிற வேலையையே கொடுத்தால், தீபாவளிக்கு ஊருக்குப் போனவர் திரும்பாதபோது என்ன செய்வது?

அதற்குத்தான் ஒவ்வொருவருக்கும் ஒரு முதல் வேலை, ஒரு இரண்டாம் வேலை என்று வைக்கச் சொல்கிறேன். அவசர நாட்களில் முதல் வேலை. ஆர்டர் மெதுவாக ஓடுகிற நாட்களில் தினமும் சிறிது நேரம் இரண்டாம் வேலை. அப்படிப் பழகுகிற நேரத்தில் பீஸ் குறைந்தால் அந்த நஷ்டம் கம்பெனியுடையது, டெய்லர் தலையில் கட்டக் கூடாது. தீபாவளி போனஸ் வாங்கிக்கொண்டு தேனிக்கோ தஞ்சாவூருக்கோ ரயில் ஏறுகிறவர் திரும்பி வருவாரா என்பது ஓரளவு நம் கையிலும் இருக்கிறது. போவதற்கு முன்னால் 'நீங்க வந்ததும் அந்த போலோ ஆர்டர் தொடங்கறோம், பட்டி உங்களுக்குத்தான்' என்று சொல்லி அனுப்புங்கள். தனக்கென்று ஒரு இடம் காத்திருப்பது தெரிந்தால் வருவார்கள்.

எங்களிடம் எட்டுப் பேர்தான், ஜாப் ஒர்க் யூனிட். இதெல்லாம் எங்களுக்குப் பொருந்துமா?

உங்களுக்குத்தான் ரொம்பப் பொருந்தும். பெரிய கம்பெனியில் ஒருவர் தப்பான இடத்தில் இருந்தால் ஒரு லைன் கொஞ்சம் தள்ளாடும். எட்டுப் பேர் யூனிட்டில் அந்த வாரச் சம்பளமே தள்ளாடும். அதே நேரம், உங்களுக்கு எல்லார் முகமும் குடும்பமும் தெரியும். குழந்தைக்குப் பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில் எந்த அக்காவின் கை தடுமாறும் என்பதுகூடத் தெரியும். பெரிய சார்ட் எல்லாம் வேண்டாம், ஒரு நோட்டில் ஒரு பக்கம் போதும். அடுத்த ஸ்டைல் தொடங்குவதற்கு முன்னால், எல்லாரையும் கூப்பிட்டு சாம்பிள் பீஸை மேசையில் விரித்து, 'இதில் யாருக்கு எது வரும்?' என்று கேளுங்கள். முதல் தடவை யாரும் வாய் திறக்க மாட்டார்கள். கட்டிங் மாஸ்டரோ மூத்த டெய்லரோ முந்திக்கொண்டு எல்லாருக்கும் பிரித்துக் கொடுக்கப் பார்ப்பார், அவரைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். இரண்டு மூன்று ஸ்டைல் போனதும் அவர்களே பீஸைக் கையில் எடுத்து, 'கழுத்து நான் பாத்துக்கறேன், மடிப்பை அவகிட்ட குடுங்க' என்று பேசிக்கொள்வார்கள்.